கொழும்பில் தோட்டப் பங்குக்கு முன்பணம் கட்டலாமா?

வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு. நீங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். ஹோமாகமப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், மூன்று மாதக் காசை முன்கூட்டிக் கட்டினால் வாராவாரம் ஐந்து கிலோ மரக்கறியைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறார். சேதன முறையில் விளைந்தது, நஞ்சில்லை என்றும் உறுதி தருகிறார். சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கட்டும் காசு பத்திரமா? வருகிற சாப்பாடு பத்திரமா? வருவதை உங்கள் வீட்டில் சமைத்து முடிப்பீர்களா? முதல் இரண்டையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதை, "பிள்ளைகள் கரட்டும் போஞ்சியும்தான் சாப்பிடுவார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் இப்படியான ஏற்பாடுகளில் சேர்ந்தவர்கள் பாதியில் விட்டுப்போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் அந்த ஒரு வரிதான். ஆகவே அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பேராதனையில் விவசாயம் படித்தவன். மேல் மாகாணத்தில் விவசாய விரிவாக்க வேலையில் நெடுங்காலம் இருந்தேன். இப்போது சிறு தோட்டக்காரர்களுக்கும் நகரத்து வீடுகளுக்கும் இடையில் இந்த மாதிரி ஏற்பாடுகளை அமைத்துக் கொடுக்கிறேன். கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்களின் தாழ்நில மரக்கறி பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அரிசி, பழம், முட்டை, பால் ஆகியவற்றுக்கு இதே கணக்குப் பொருந்தாது. வைத்தியம் என் துறை அல்ல. உடல்நலம் பற்றிய இடத்தில், பிரசுரமான ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த முறையின் அடிப்படை தெரிந்தால்தான் எதற்குக் காசு கட்டுகிறோம் என்பது விளங்கும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில், கிருமிநாசினிக்கும் உணவில் கலக்கும் இரசாயனங்களுக்கும் அஞ்சிய குடும்பங்கள் விவசாயிகளிடம் நேரே போயின. நஞ்சில்லாமல் விளைவியுங்கள், விளைவது எதுவானாலும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று உடன்பாடு செய்துகொண்டன. தெய்க்கெய் என்று அதைச் சொல்வார்கள். அதில் முன்நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 1978இல் ஜெனீவாவில் இதே போன்ற ஒரு கூட்டுறவு உருவானது. 1986இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு தோட்டங்கள் இதைத் தொடங்கிவைத்தன. 2001இல் பிரான்சுக்கும் வந்தது. எல்லா இடத்திலும் உள்ளடக்கம் ஒன்றுதான். விதை, பசளை, கூலி, போக்குவரத்து என்று ஒரு போகத்துக்கு ஆகும் செலவைக் கூட்டி, அதைப் பங்குகளாகப் பிரித்து, நடுகைக்கு முன்பே குடும்பங்களிடம் வாங்குவார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் பெட்டி நிரம்பும். வெள்ளம் வந்தால் பெட்டி மெலியும், கட்டிய காசு திரும்பாது. ஆளை நம்பி முன்கூட்டிக் காசு போடுவதில் இது சீட்டுப் போடுவதைப் போன்றது. ஒரு வித்தியாசம், குலுக்குச் சீட்டில் கைக்கு வரும் தொகை முன்பே தெரியும். இங்கே அதை மழை தீர்மானிக்கும்.

தோட்டக்காரருக்கு அந்த முன்பணம் ஏன் அவ்வளவு தேவை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சிறு விவசாயி பெரும்பாலும் விதையையும் பசளையையும் ஊர் முதலாளியிடம் கடனுக்கு வாங்கி, விளைந்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார். அங்கிருந்து மூட்டை கட்டி தம்புள்ளைக்கு, பிறகு பேலியகொடைக்கு. புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை 2020இல் அங்கே மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து சில்லறைக் கடைக்கு. இந்தப் பயணத்தில் நசுங்கியும் வெந்தும் அழுகியும் போகும் மரக்கறி மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்பது அறுவடைக்குப் பிந்திய ஆய்வுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. மூட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று 2011 இறுதியில் சட்டம் கொண்டுவந்து பார்த்தார்கள். வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்ததில் அது தளர்ந்துபோனது. உங்கள் முன்பணம் ஒரு தோட்டக்காரரை அந்தக் கடனிலிருந்தும், அவர் மரக்கறியை அந்த மூட்டையிலிருந்தும் விடுவிக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது இருக்கும் பற்றுக்குக் காரணம் இதுதான். இதை மறைக்காமல் சொல்கிறேன், நான் சொல்வதை நீங்கள் நிறுத்துப் பார்த்துக்கொள்ள உதவும்.

ஆனால் கொழும்பில் "தோட்டத்திலிருந்து நேரே" என்ற பெயரில் வரும் எல்லாமே பங்குத் தோட்டம் ஆகாது. சிலர் உண்மையாகவே போகத்தின் லாபநட்டத்தை உங்களோடு பகிர்கிறார்கள். சிலர் தங்கள் தோட்டத்து மரக்கறியை வாரக் கட்டணத்துக்கு அனுப்புகிறார்கள்; குறைந்தால் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி நிரப்புவார்கள். இதுவும் நேர்மையான தொழில்தான், அப்படிச் சொல்லிச் செய்தால். இன்னும் சிலர் விடியற்காலையில் பேலியகொடையில் வாங்கி, துடைத்து, அழகான பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். மூன்றாவது வகைக்கு முன்பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் வாராவாரம் பெட்டியில் என்ன போனது என்ற பட்டியலைக் கேட்பது. வட்ஸ்அப்பில் அநேகமாக இருக்கும். ஹோமாகமத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டு எல்லா வாரமும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று இருந்தால் அவை அந்த மண்ணில் விளைந்தவை அல்ல. அவை பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் விளைபவை. மலைநாட்டில் இன்ன தோட்டத்தோடு சேர்ந்து செய்கிறோம் என்று அவர் தானாகவே சொன்னால் குறையில்லை. கேட்டபோது மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் பிள்ளைகளின் கரட்டும் போஞ்சியும் வருகின்றன. ஈரவலயத் தாழ்நிலத்துத் தோட்டம் தருவது வேறு. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பசளி, முருங்கையிலை. பிறகு பயற்றங்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய், புடலங்காய், பாகற்காய், பீர்க்கங்காய், பூசணி, கெக்கரிக்காய். அதோடு மரவள்ளி, வாழைப்பூ, வாழைக்காய், பருவத்தில் பலாக்காய், ஈரப்பலாக்காய். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது உங்கள் மாமியாரின் முகம் மலரும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளின் முகம் எப்படியிருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தக்காளியை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஈரவலய மண்ணில் பக்டீரியா வாடல் நோய் தக்காளிச் செடியை நின்ற நிலையிலேயே சாய்த்துவிடும். கூடாரத்துக்குள் வளர்ப்பவர்கள் மட்டும் ஓரளவு தருவார்கள்.

மழைக் கணக்கையும் மனதில் வையுங்கள். கொழும்புப் பக்கத்தில் மழை இரண்டு தடவை உச்சத்துக்குப் போகும்: மே மாதத்தை ஒட்டி ஒருமுறை, ஒக்டோபர், நவம்பரில் மறுமுறை. அந்த வாரங்களில் கீரைப் பாத்திகள் தண்ணீருக்கடியில் கிடக்கும், பூ உதிரும், பெட்டியில் மரவள்ளியும் வாழைக்காயும் பலாக்காயும்தான் முன்னுக்கு நிற்கும். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கந்தசஷ்டி விரதம் வருவது சரியாக அந்த இரண்டாவது மழையில். ஆறு நாளும் மரக்கறி தேவைப்படும் நேரத்தில் பெட்டி மெலிந்து வரும், சந்தையிலும் விலை ஏறியிருக்கும். அதை எதிர்பார்த்து வெட்டாத முழுப் பூசணியை முதல் வாரமே வாங்கி வைக்கலாம், அது கெடாமல் நிற்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோதும் நடந்ததைப் போன்ற பேரிடர் வந்தால் பெட்டியே வராமலும் போகலாம். அந்த வாரங்களில் தோட்டக்காரர் என்ன செய்வார் என்பதை வெயில் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும்.

இனி நீங்கள் அதிகம் கவலைப்படும் நஞ்சு. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, கிருமிநாசினி அடிக்கிறீர்களா என்பது. அது அவசியமான கேள்விதான். ஆனால் கொழும்பைச் சுற்றியுள்ள தோட்டம் என்றால் நான் அதற்கு முன் கேட்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை. கங்குனும் பொன்னாங்காணியும் வல்லாரையும் சதுப்பை விரும்பும் கீரைகள். நகரத்தின் ஓரங்களில் அவை கால்வாய்க் கரையிலும் கைவிட்ட வயலிலும் நன்றாக வளரும். அந்தக் கால்வாய்களில் வீட்டுக் கழிவும் வாகனம் கழுவிய நீரும் பட்டறைக் கழிவும் கலக்கின்றன. கங்குன் போன்ற கீரைகள் ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களை இழுத்துத் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. கொழும்பு, அதன் புறநகர்களில் எடுத்த கீரை மாதிரிகளில் அவை இருப்பதை இங்குள்ள ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒரு துளி கிருமிநாசினி அடிக்காத, இரசாயனப் பசளை தொடாத கீரையிலும் இது இருக்கலாம். உப்பிலோ மஞ்சளிலோ ஊறவைத்தால் போகாது, வேகவைத்தாலும் போகாது, இலைக்குள்ளே இருப்பதால். பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே ஒன்று சுத்தமாகிவிடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கங்குனுக்கும் இதே பயம் உண்டு. அங்கே அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்க ஆளில்லை. தோட்டத்தில் கேட்க ஆளிருக்கிறது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். ஹைலெவல் வீதியில் ஹோமாகம ஒன்றும் தூரமில்லை. பாத்திக்குப் பாயும் நீரைப் பின்தொடர்ந்து மேலே நடந்து போங்கள். சொந்தக் கிணறா, குழாய்க் கிணறா, ஊர் வாய்க்காலா? வாய்க்கால் என்றால் மேலே என்ன இருக்கிறது, கராஜா, கோழிப்பண்ணையா, தொழிற்சாலையா? கிணறு என்றால் மலசலகூடக் குழி எவ்வளவு தள்ளி இருக்கிறது? நீரைப் பரிசோதித்த அறிக்கை இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், சேரும் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்தில் நீரையும் ஒரு கட்டுக் கீரையையும் கொடுத்துப் பார்க்கலாம். பார உலோகத்துக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். குடிநீருக்கு வழக்கமாகச் செய்யும் கிருமிப் பரிசோதனையில் அது சேராது. நல்ல தோட்டக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். நான் பழகியவர்களில் பலர், யாராவது இதைக் கேட்கிறார்களே என்று சந்தோஷப்பட்டவர்கள்.

எருவைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். மாட்டெருவோ கோழியெருவோ நன்றாக மக்கவைத்த பிறகு இடுகிறாரா, பச்சையாக இடுகிறாரா? வல்லாரையைச் சம்பல் போட்டுப் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம். மண்ணோடு ஒட்டி வளரும் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க சேதன விவசாய விதி. வல்லாரையை அதற்கு எத்தனையோ முன்பாக வெட்டிவிடுவோம். ஆகவே வல்லாரைப் பாத்திக்கு மக்கிய கூட்டெரு மட்டும்தான் என்று அவர் சொல்ல வேண்டும்.

கிருமிநாசினி விஷயத்தில் சொல்லை விடச் செடி நன்றாகச் சாட்சி சொல்லும். கத்தரியைக் குருத்தும் காயும் துளைக்கும் புழு விடாது. பாகல், புடலை, பீர்க்கு மூன்றையும் பழ ஈ குத்தும். நஞ்சடிக்காத தோட்டத்தில் அதற்கான உழைப்பு கண்ணில் தெரியும்: காய்க்குக் காய் கட்டிய கடதாசிப் பை, ஈப் பொறி, வலை, கலந்து நட்ட பயிர், வெட்டி அகற்றிய புழுக் குருத்து. பெட்டியிலும் தெரியும், ஓட்டையும் வடுவும் உள்ள காய் சில வரத்தான் செய்யும். வலையும் இல்லை, பையும் இல்லை, வாராவாரம் கத்தரி மட்டும் கண்ணாடி மாதிரி வருகிறது என்றால் கேள்வி கேளுங்கள். நஞ்சடிக்கிறேன், ஆனால் குறைவாக, போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் கழிந்த பிறகே பறிப்பேன் என்று ஒருவர் திறந்து சொன்னால், அவரிடம் வாங்க நான் தயங்க மாட்டேன். எந்த மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார் என்று குறித்துவைக்கும் கொப்பி அவரிடம் இருந்தால் இன்னும் நல்லது.

சான்றிதழ்களில் குழப்பம் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் நல்லதே. ஆனால் அதில் இரசாயனம் விதிமுறைப்படி அனுமதிக்கப்படும், அதை நஞ்சில்லாததற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. சேதன விவசாயத்துக்கு எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. மூன்றாம் தரப்புச் சான்றிதழுக்குச் செலவு அதிகம். சிறு தோட்டக்காரரிடம் அது இல்லாததைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். பக்கத்து விவசாயிகளும் வாங்குபவர்களும் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து உறுதிசெய்யும் பங்கேற்பு முறையும் இங்கே நடைமுறையில் உள்ளது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது அதன் சிறிய வடிவம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, நவம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். இடையில் விளைச்சல் விழுந்து கடனாளியானவர்கள் ஏராளம். சேதனம் என்றாலே மனம் கசந்துபோன விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். தோட்டத்தில் அவர்களோடு பேசும்போது அந்தப் புண்ணை மனதில் வைத்துப் பேசுங்கள்.

இப்படி விளைந்ததைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா? இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். சேதன முறையில் விளைந்தவற்றில் கிருமிநாசினி எச்சம் குறைவு என்பது உறுதி. சத்து அதிகமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். 2014இல் பிரித்தானியாவிலிருந்து வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, ஒட்சியேற்ற எதிரிகள் அதிகம், கட்மியம் குறைவு என்றது. எந்தப் பக்கத்தையும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். பறித்துச் சில மணி நேரத்தில் சமைக்கும் கீரையில் விற்றமின் சீ அதிகம் மிஞ்சும் என்பது மட்டும் உறுதி; நம் வெப்பத்தில் கீரை அதை விரைவாக இழக்கும். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் காட்டி, கடை மரக்கறி சாப்பிட்டால் உங்களுக்கும் அது வரும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். அந்த நோய்க்கு விவசாய இரசாயனம், கடின நீரும் புளோரைட்டும், வெயிலில் வேலைசெய்து உடல் வறள்வது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். முடிவு இன்னும் எட்டவில்லை. அது அநுராதபுரம், பொலன்னறுவை மக்களின் துயரம், அதை வைத்துப் பெட்டி விற்கக்கூடாது.

கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டிய எச்சம் கணிசமாகப் போகும். அப்பச்சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால், வெறும் நீரை விட நன்றாகப் போகிறது என்று 2017இல் அப்பிள் பழத்தில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. செடிக்குள் ஊடுருவிய மருந்துக்கு இவை எதுவும் உதவாது.

அளவுக்கு வருவோம். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் பழமும் மரக்கறியுமாக 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் வீட்டின் மூன்று பெரியவர்களுக்கு மட்டும் வாரத்துக்கு 8.4 கிலோ ஆகிறது, பிள்ளைகளைச் சேர்க்காமலேயே. ஆகவே ஐந்து கிலோப் பெட்டி வந்தாலும் சந்தைக்குப் போவது நிற்காது. வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட், தேசிக்காய் வெளியில்தான் வாங்க வேண்டும். ஐந்து கிலோவுக்குள் எத்தனை வகை என்பதையும் கேளுங்கள். இரண்டு கிலோப் பூசணித் துண்டு ஒன்று விழுந்தால் மீதி மூன்று கிலோதான். குறைந்தது இரண்டு கட்டுக் கீரை, மூன்று காய், ஒரு கிழங்கு என்று வகை உறுதி இருந்தால் சமைக்க வசதி. பெட்டி வரும் நாளையும் நீங்களே கேட்டுத் தீர்மானியுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீடென்றால் வியாழன் பின்னேரம் வருவது பொருத்தம். காலையில் பறித்து அன்றே வருகிறதா, முதல்நாள் பறித்துப் பிளாஸ்டிக் பையில் மூடி வருகிறதா என்று பாருங்கள். மூடிய பைக்குள் கீரை வெந்துவிடும். வந்தவுடன் கீரையைக் கழுவாமல், ஈரம் ஒற்றிய துணியில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, முதல் இரண்டு நாளில் முடியுங்கள். பயற்றை, வெண்டி, கத்தரி நடு வாரத்துக்கு. மரவள்ளி வந்தால் அதையும் முதல் நாட்களிலேயே முடியுங்கள். பூசணி கடைசிக்கு.

பிள்ளைகளுக்காக ஒரு பரிசோதனை செய்து பாருங்கள், காசு எதுவும் கட்ட முதல். இரண்டு வாரம் கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் எதையும் வாங்காமல், நான் மேலே சொன்ன தாழ்நில மரக்கறிகளை மட்டும் வெள்ளவத்தைச் சந்தையிலோ தெல்கந்தைச் சந்தையிலோ வாங்கிச் சமையுங்கள். பொன்னாங்காணி வறை, புடலங்காய்ப் பால்கறி, பயற்றங்காய்ப் பிரட்டல், பலாக்காய்க் கறி. மாமியார் கைகொடுத்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரம் வீடு தாங்கினால் பங்கு உங்களுக்குச் சரிவரும். தாங்காவிட்டால், பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி குப்பைக்குப் போகும். அந்தக் காசுக்குக் கொழும்பு 7 ரேஸ்கோர்சில் சனிக்கிழமை கூடும் நல்ல சந்தைக்குப் போய், விளைவித்தவரையே கேட்டு, வேண்டியதை மட்டும் வாங்கலாம். அல்லது ஒரே மாடிக் கட்டடத்தில் இரண்டு வீடாகச் சேர்ந்து ஒரு பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். பாகற்காயை அவர்கள் எடுக்கட்டும், வெண்டியை நீங்கள் எடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்கு வரும் கத்தரியும் முருங்கைக்காயும் நல்ல ருசிதான், நானும் வாங்குகிறேன். ஆனால் சுமார் 400 கிலோமீற்றர் வந்தது என்பதையும், எப்படி விளைந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்தே வாங்குகிறேன்.

விலை கூடுதலா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, சந்தை விலை கிழமைக்குக் கிழமை ஆடுவதால். மத்திய வங்கி புறக்கோட்டை, நாரஹேன்பிட்ட, தம்புள்ளை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. ஒரு மாதம் பெட்டியில் வந்ததை நிறுத்து, அந்த வாரத்து நாரஹேன்பிட்ட விலையோடு பெருக்கிப் பாருங்கள். சாதாரண வாரங்களில் பெட்டி கூடுதலாகத்தான் இருக்கும். சந்தையில் விலை தீப்பிடிக்கும் வாரங்களில் மலிவாக இருக்கும். வருடம் முழுக்கப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகவே முடியும் என்று எதிர்பாருங்கள். அந்தக் கூடுதல் தொகை, நஞ்சடிக்காமல் காய்க்குக் காய் பை கட்டியவரின் கூலி.

கடைசியாகக் காசு. நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் எழுத்தில் இல்லாமல் கட்டாதீர்கள். ஒரு பக்கம் போதும். எத்தனை வாரம், சராசரி எத்தனை கிலோ, பெட்டி வராத வாரத்துக்கு என்ன, நீங்கள் ஊருக்குப் போகும் வாரத்தை முன்கூட்டிச் சொன்னால் தள்ளிவைக்கலாமா, வெள்ளம் போன்ற இடரில் நட்டத்தை யார் ஏற்பது, வெளியில் வாங்கி நிரப்பினால் அதைச் சொல்வாரா. கையெழுத்தும் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். ஏமாற்று என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் விளைச்சல் நட்டத்தில் பங்கேற்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு, மழையால் மெலிந்த பெட்டிக்கு முறைப்பாடு எடுபடாது. அதனால் இடரைப் பற்றிய அந்த வரியைக் கவனமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தோட்டத்தைப் போய்ப் பார்த்து, தண்ணீர் திருப்தியாக இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகக் கட்டாமல் முதலில் ஒரு மாதம் கேட்பேன். பெரும்பாலானவர்கள் புதியவர்களுக்கு அதற்குச் சம்மதிப்பார்கள். அந்த ஒரு மாதத்தை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து தோட்டம் நன்றாகக் கொடுக்கும் காலம், பிள்ளைகளுக்கும் பழக இலகு. அது சரிவந்தால் மே மழையை உள்ளடக்கிய அடுத்த மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள், ஏனென்றால் தோட்டக்காரருக்கு உங்கள் காசு உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். தோட்டத்துக்குப் போய் வந்த பிறகு, நீர் எங்கிருந்து வருகிறது, என்னென்ன கீரை போட்டிருக்கிறார் என்று இங்கேயே எழுதுங்கள். அந்தக் கீரையை அந்தத் தண்ணீரில் சாப்பிடலாமா, முதலில் பரிசோதிக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.